மேண்டிஸ் இறாலின் வாசலில்

மேண்டிஸ் இறால் என்றதும் எல்லோரும் கேட்பது அதன் குத்தைப் பற்றித்தான். தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு அதற்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தக் குத்தை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. சில மில்லி விநாடிகளில் முடிந்துபோகிற காரியம் அது. காதில் ‘டக்’ என்று ஒரு சத்தம் விழும். நத்தை ஓட்டில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். நடுவில் நடந்தது நம் கண்ணுக்கு எட்டாது. அதனால் இந்த உயிரை ரசிக்க விரும்புகிறவர் முதலில் கைவிட வேண்டியது குத்துக்கான காத்திருப்பை. குத்துவதற்கு முன்னால் அது எதை, எப்படிப் பார்க்கிறது, எவ்வளவு நேரம் யோசிக்கிறது, பிறகு எந்த வழியாக வீடு திரும்புகிறது, வாசலை எப்படி அடைக்கிறது என்பதில்தான் பார்ப்பதற்கு விஷயம் இருக்கிறது. அதற்கு ரெஃப்யூஜியத்தைவிடத் தோதான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ரெஃப்யூஜியம் என்பது கடல்நீர்த் தொட்டியோடு குழாயால் இணைந்த ஒரு தனி அறை. பெரும்பாலும் பெரிய தொட்டிக்கு அடியில், சம்ப் என்கிற கீழ்த்தொட்டிக்குள் இருக்கும். இரண்டிலும் சுற்றுவது ஒரே தண்ணீர். அங்கே கீட்டோமார்ஃபா போன்ற பாசியை வளர்ப்பார்கள். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பாசி உறிஞ்சிக்கொள்ளும். மீன் நுழைய முடியாத இடம் என்பதால் கோப்பிபாட், ஆம்ஃபிபாட் போன்ற பொடி உயிர்கள் பாசிக்குள் பெருகி, நீரோட்டத்தில் மேலே போய் மீன்களுக்கு இரையாகும்.

இந்த அறைக்கு மேண்டிஸ் இறால் பெரும்பாலும் அழைப்பில்லாமல்தான் வந்து சேர்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், குத்தகைக்கு எடுத்த கடல்தரையில் சுண்ணாம்புக் கற்களைக் கொட்டி ஓரிரு ஆண்டுகள் ஊறவிடுகிறார்கள். கடற்பஞ்சும் புழுவும் பாசியும் படிந்த பிறகு எடுத்து ‘லைவ் ராக்’ என்று விற்கிறார்கள். இயற்கைப் பாறையைப் பெயர்த்தெடுப்பதற்கு அங்கே 1990களில் தடை வந்த பிறகு வளர்ந்த தொழில் இது. அந்தக் கல்லின் துளைக்குள் ஒளிந்துகொண்டு வீடுவரை வந்துவிடுகிறது நியோகொனோடாக்டைலஸ் வென்னெரே. விரல் நீளம்தான் இருக்கும். பச்சை, பழுப்பு, இளஞ்சிவப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். தொட்டிக்காரருக்கு முதலில் தெரிவது சத்தம். பிறகு நத்தைகள் குறையும், ஒரு துளையின் வாசலில் உடைந்த ஓடுகள் சேரும். சத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். பிஸ்டல் இறாலும் சொடுக்கும். அதை மேண்டிஸ் என்று நினைத்துத் துரத்துகிறவர்கள் ஏராளம். உடைந்த ஓடுகள்தான் சாட்சி.

குற்றவாளியைப் பிடித்ததும், கொல்ல மனமில்லாதவர்கள் கீழே ரெஃப்யூஜியத்தில் விடுகிறார்கள். தண்டனையாக நினைத்துச் செய்வது அந்த உயிருக்கு நல்வாழ்வாக அமைகிறது. சின்னத் தொட்டியில் வெப்பமும் உப்பும் மணிக்கு மணி மாறும்; ரெஃப்யூஜியத்துக்கோ பெரிய தொட்டியின் தண்ணீர் முழுவதும் துணை நிற்கிறது. துரத்த மீன் இல்லை, பாறை உண்டு, பாசியின் நிழல் உண்டு. இழப்பும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அந்த அறையில் நத்தையும் துறவி நண்டும் இனி தங்காது, ஆம்ஃபிபாட்கள் குறையும். கோப்பிபாட்கள் அதன் கணக்கில் வராத அளவுக்குப் பொடியானவை, அவை பிழைத்துக்கொள்ளும். பாசி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இந்தப் பேரத்தில் நமக்குத்தான் லாபம் என்பது என் கணிப்பு.

பெயரில் இறால் இருந்தாலும் உண்மை இறால்களுக்கு இது நெருங்கிய சொந்தமில்லை. ஸ்டொமாடோபாட் என்ற தனி வரிசை, 400க்கும் மேற்பட்ட இனங்கள். கும்பிடுபூச்சியைப் போல முன்கால்களை மடக்கி வைத்திருப்பவை. அந்தக் காலை வைத்து இவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். மணலில் குழி தோண்டிப் பதுங்கி, முள் வரிசை கொண்ட காலால் மீனைக் குத்திப் பிடிப்பவை ஒரு வகை. பாறைத் துளையில் குடியிருந்து, முழங்கை போன்ற தடித்த முனையால் ஓட்டை அடித்து உடைப்பவை மற்றொன்று. முதல் வகையைப் பார்க்கத் தொட்டி வேண்டாம். காசிமேட்டில் இழுவைப் படகுகள் கரைசேரும்போது, விலைபோகாத மீன்களோடு குவிந்து கிடக்கும். ஒன்றை எடுத்துக் காலை விரித்துப் பாருங்கள். நாம் வளர்க்கப் போவது இரண்டாவது வகை.

ஏற்பாடுகளில் முக்கியமானது துளை. உள்ளே விடுவதற்கு முன்பே, துளையுள்ள ஒரு கல்லை அதன் வாய் கண்ணாடியைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். கல் கிடைக்காவிட்டால் சிறிய பிவிசி குழாய்த் துண்டைக் கல்பொடியில் பாதி புதைத்து வைக்கலாம். கடலில் இவை சண்டையிடுவதே இந்தத் துளைகளுக்காகத்தான். ஓர் அறையில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். சிறு கற்களையும் சிப்பித் துண்டுகளையும் தாராளமாகப் போடுங்கள், அதற்கான தேவை பின்னால் வரும். இருபது, முப்பது லிட்டர் கொண்ட அறை இந்தச் சிறிய இனத்துக்குப் போதும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு, 25, 26 டிகிரி வெப்பம், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். மீன் நோய்க்குத் தாமிர மருந்தை இதோடு இணைந்த எந்தத் தொட்டியில் ஊற்றினாலும் அது சுற்றிக் கீழே வந்துவிடும். ஓடுள்ள உயிர்களுக்குத் தாமிரம் நஞ்சு. பம்ப்பின் வாயிலும் நீர் வழியும் இடத்திலும் வலை கட்டுங்கள். உள்ளே கையை விடாதீர்கள், இடுக்கியைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் தொட்டி வைக்கிறவர்களுக்கு ஒன்று. கல் வேண்டும் என்று மன்னார் வளைகுடாவின் பவளப் பாறையைக் கேட்டு வாங்காதீர்கள். கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தத் தீவுகளைச் சுற்றி இன்னும் பிழைத்திருக்கும் பவளத்தைத் தொட யாருக்கும் கை வரக் கூடாது. காய்ந்த செயற்கைக் கல்லிலேயே பாக்டீரியாவை வளர்த்துக்கொள்ளலாம்.

இனிப் பார்க்கும் நேரம். பாசி பகலில் ஆக்ஸிஜனை விடும், இருளில் கார்பன் டை ஆக்ஸைடை விடும். அதனால் தொட்டி நீரின் பிஎச் இரவில் இறங்கும். அதைச் சமன் செய்ய, மேலே விளக்கு அணைந்த பிறகு ரெஃப்யூஜியத்தின் விளக்கை எரிய விடுவது வழக்கம். நாம் பேசிக்கொண்டிருக்கும் வகை இறால்களில் பல பகலில் நடமாடி, இரவில் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே இருப்பவை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு நீங்கள் உட்காரும் நேரத்தில் அங்கே பொழுது விடிகிறது. விளக்கு எரிவதற்குச் சற்று முன்பே போய் உட்காருங்கள். வாசலில் அடுக்கியிருந்த கல் ஒன்று அசையும். பிறகு அது உள்ளிருந்து தள்ளப்பட்டு வெளியே விழும். சில நாட்களில் ஒவ்வொரு கல்லையும் தூக்கி வந்து தள்ளி வைக்கும். முதலில் உணர்கொம்புகள் வெளிவரும், பிறகு கண்கள். உடல் வெளியே வர இன்னும் நேரம் ஆகும். இந்தப் பத்து நிமிடங்களை அவசரப்படுத்தாமல் பார்க்கிறவருக்கு மற்றதெல்லாம் தானாகக் கைகூடும்.

கண்களில் நிற்க வேண்டும். காம்பின் முனையில் இருக்கும் அந்த இரண்டு கண்களும் தனித்தனியாக நகரும். ஒன்று உங்களைப் பார்க்கும்போது மற்றொன்று பாசிப் பக்கம் திரும்பியிருக்கும். மேலும் கீழும் பக்கவாட்டிலும் மட்டுமல்ல, தன் அச்சிலேயே சுழலவும் செய்யும். ஒவ்வொரு கண்ணின் நடுவிலும் ஒரு பட்டை ஓடுகிறது. கண்ணின் மேல் பாதி, கீழ்ப் பாதி, பட்டை என மூன்று பகுதிகளும் ஒரே புள்ளியைப் பார்க்க வல்லவை. அதனால் தூரத்தை அளக்க அதற்கு ஒரு கண் போதும். உங்களை உற்றுப் பார்க்கும்போது ஒரே கண்ணில் மூன்று கருப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அந்த மூன்றும் உங்கள் பக்கம் இருந்தால் நீங்கள் பார்க்கப்படுகிறீர்கள் என்று அர்த்தம். கண்ணாடிக்கு முன்னால் விரலை மெதுவாக நகர்த்திப் பாருங்கள், கண் பின்தொடர்ந்து வரும். மீன் தொட்டியில் இந்த அனுபவம் எளிதில் கிடைக்காது.

நமக்கு நிறம் அறியும் செல்கள் மூன்று வகை; இவற்றில் பல இனங்களுக்குப் பன்னிரண்டு. அதனால் நம்மைவிடப் பல மடங்கு வண்ணம் நிறைந்த உலகில் வாழ்கிறது என்று எழுதுகிறார்கள். அது சரியில்லை. ஹன்னே தோயன், ஜஸ்டின் மார்ஷல் ஆகியோர் 2014இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், நெருக்கமான இரு நிறங்களைப் பிரித்தறிவதில் மேண்டிஸ் இறால் நம்மைவிட மிகவும் பின்தங்கியது. நிறங்களை ஒப்பிட்டு யோசிக்காமல் சட்டென்று இனங்காண்பதற்கே அந்தப் பன்னிரண்டும் உதவக்கூடும் என்பது அவர்கள் விளக்கம். எனக்கு இந்தத் திருத்தம் ஏமாற்றம் தரவில்லை. வேட்டையாடுகிற உயிருக்கு வேண்டியது ஓவியனின் கண் அல்ல. நம் கண்ணுக்கு எட்டாத தளவிளைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, அது காண்கிறது. சில இனங்கள் வட்டமாகச் சுழலும் தளவிளைவைக்கூட அறிகின்றன என்று 2008இல் தெரியவந்தது. கண் சுழலும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நத்தையைப் போடலாம். ஷீலா பட்டேக், வயட் கோர்ஃப், ராய் கால்டுவெல் மூவரும் மயில் மேண்டிஸ் இறாலை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2004இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அடிக்கும் முனையின் உச்ச வேகம் விநாடிக்கு 14 முதல் 23 மீட்டர், அதுவும் தண்ணீருக்குள். எந்தத் தசையும் தனியாக இந்த வேகத்தைத் தராது. வில்லை வளைத்து நாணைப் பூட்டுவதுபோலத் தசை மெதுவாக இறுகுகிறது. கொக்கி ஒன்று காலைப் பிடித்து வைத்திருக்க, சேண வடிவில் இருக்கும் ஓட்டுப் பகுதி அந்த விசையைச் சேமிக்கிறது. கொக்கி விடுபட்டதும் எல்லாம் ஒரே கணத்தில் வெளிவருகிறது. முனை அவ்வளவு வேகமாகப் பாய்வதால் நீரில் ஆவிக் குமிழி உண்டாகி, உடனே நொறுங்குகிறது. அந்த நொறுங்கலும் ஓர் அடி. நத்தைக்கு விழுவது ஒரு குத்துக்கு இரண்டு.

இதில் நம் கண்ணுக்குக் கிடைப்பது முன்பகுதி. நத்தையைக் கண்டதும் அது பாய்வதில்லை. உணர்கொம்பால் தடவும், உருட்டும், திருப்பும். நத்தையின் வாய் எங்கே, நுனி எங்கே என்று இடம் பார்க்கும். ஓட்டின் வடிவத்துக்கேற்ப அடிக்கும் இடத்தை இவை மாற்றுகின்றன என்பதைப் பட்டேக்கின் ஆய்வகம் 2018இல் காட்டியது. வட்டமான நத்தை ஒரு வாரம், கூம்பு நீண்ட நத்தை ஒரு வாரம் என்று கொடுத்துப் பாருங்கள். உடைந்த ஓடுகளை இடுக்கியால் எடுத்து வரிசையாகக் காயவைத்தால், அடி எங்கே விழுந்தது என்பது உங்களுக்கே புலப்படும். கடினமான இரையைத் தவறாமல் கொடுங்கள், உடைப்பதுதான் அதன் தொழில்.

இரையைத் தேடி வெளியே போகும்போது வளைந்து வளைந்து அலையும். திரும்பும்போது கிட்டத்தட்ட நேர்கோட்டில் வீட்டுக்கு வரும். ரிக்கேஷ் பட்டேலும் தாமஸ் குரோனினும் 2020இல் இதை ஆராய்ந்தார்கள். சூரியனையும் வானத்தின் தளவிளைவையும் தன் நடையின் கணக்கையும் வைத்து, வந்த வழியைக் கூட்டிக் கழித்து வீட்டின் திசையை அறிகிறது என்றார்கள். ரெஃப்யூஜியத்தில் சூரியன் இல்லை, தூரமும் குறைவு. ஆனாலும் அந்தக் கோணல் போக்கும் நேர் வரவும் கண்ணுக்குத் தெரியும்.

பெரிய இனங்கள் மேல் ஆசை வரும். மயில் மேண்டிஸ் ஒரு சாண் நீளம், அழகுக்குக் குறைவில்லை. 1998இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் கடலுயிர்க் காட்சியகத்தில் டைசன் என்று பெயரிட்ட ஒன்று கால் அங்குலக் கண்ணாடியை உடைத்தது செய்தியானது. அதற்கு அக்ரிலிக்கில் தனித் தொட்டி வேண்டும். அதிக வெளிச்சமும் ஆகாது. ரெஃப்யூஜியத்துக்கு ஏற்றது சின்னதுதான்.

முன்கால்களை அகல விரித்து, உட்புறத்தில் இருக்கும் நிறப் பொட்டுகளைக் காட்டினால் அது எச்சரிக்கை. அழகான காட்சிதான், ஆனால் அதைப் பார்ப்பதற்காகக் குச்சியால் சீண்டாதீர்கள். தன் வீட்டைக் காக்கிற பதற்றம் அது. முக்கியமாக, ஓடு கழற்றும் நாட்களில். சில மாதங்களுக்கு ஒருமுறை திடீரென்று தீனியை மறுக்கும், வாசலைக் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். செத்துவிட்டதோ என்று கல்லைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் அதன் உயிருக்கே உலை வைக்கிறார்கள். உள்ளே அது பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு, மென்மையான உடலோடு, அடிக்க வலுவில்லாமல் இருக்கிறது. அந்த நிலையிலும் துளைக்கு வேறொன்று உரிமை கொண்டாடி வந்தால் கால்களை விரித்துக் காட்டி மிரட்டும். ரிக் ஸ்டீகரும் கால்டுவெல்லும் 1983இல் எழுதியது இது. மிரட்டலுக்குப் பின்னால் குத்து இல்லை. வந்தது நம்பிவிட்டால் வீடு தப்பித்தது.

எனவே வாசல் அடைத்திருந்தால் காத்திருங்கள். தண்ணீரைச் சோதியுங்கள், விளக்கை வழக்கம்போல எரியவிடுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். வாசல் திறந்த பிறகு முதலில் உரித்த இறால் துண்டை மட்டும் இடுக்கியால் நீட்டுங்கள். அதை வாங்கிக்கொண்டால் சில நாள் கழித்து மெல்லிய ஓடுள்ள சிறிய நத்தை ஒன்றைப் போட்டுப் பாருங்கள். உடைக்காமல் விட்டுவைத்தால் கவலை வேண்டாம், நத்தையை எடுத்துவிட்டு இன்னும் இரண்டு நாள் இறால் துண்டே கொடுங்கள்.