ரஃபீக் என்றொரு சொல்: உலகக் கிராமத்தில் விடுமுறை நாள்

பொழுதுபோக்குப் பூங்கா என்று எடுத்தாலே நம் சிறுபத்திரிகைக்காரர்கள் கையில் தீர்ப்பு தயாராக இருக்கிறது: நுகர்வுக் கலாச்சாரம். கொஞ்சம் படித்தவராயிருந்தால் பூத்ரியாரைக் கூப்பிடுவார். டிஸ்னிலாந்து தன்னைக் கற்பனையென்று காட்டிக்கொள்வது, வெளியே இருக்கும் அமெரிக்கா நிஜம் என்று நம்ப வைக்கத்தான் என்று அவர் 1981இல் எழுதினார். நல்ல வாசிப்புதான். ஆனால் இந்த வாசிப்புகளில் சீட்டு வாங்கி உள்ளே போகிறவர் எப்போதும் சொந்தக் காரில் வந்திறங்கும் ஒரு குடும்பம். அந்த ஊரின் சுவர்களைக் கட்டியவன், ஏசி மாட்டியவன் வாரவிடுமுறையில் வரிசையில் நின்று உள்ளே போனால் பிரதி என்ன ஆகிறது?

வெள்ளாற்றங்கரையில் இருக்கும் லப்பைக்குடிக்காட்டில் சபுருக்குப் போகாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா. அந்த ஊர்க்காரர் ஒருவர், துபாயில் ஏசி வேலை பார்ப்பவர், எனக்கு ஒரு புகைப்படம் காட்டினார். 'குளோபல் வில்லேஜ்' பூங்காவில் நாலு பேர் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். இவர், ஒரு பெஷாவர்க்காரர், ஒரு நேபாளி, ஒரு பிலிப்பைன்ஸ்காரர். பின்னால் ஜனங்களின் தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

மார்ஷல் மக்லூகன் 1962இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த 'உலகக் கிராமம்' என்ற சொல்லாட்சியைத்தான் துபாய் இந்தப் பூங்காவுக்குப் பெயராக வைத்துக்கொண்டது. 1990களின் பிற்பாதியில் கிரீக் ஓரத்துக் கடைகளாகத் தொடங்கி, 2005 வாக்கில் நகருக்கு வெளியே இப்போதைய இடத்துக்குப் போனது. குளிர்காலத்தில் மட்டும் திறந்திருக்கும். 2024-25 பருவத்தில் ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்து போனார்கள். நாட்டுக்கொரு அரங்கு: இந்தியா, பாகிஸ்தான், ஏமன், துருக்கி, எகிப்து. ஒவ்வொன்றுக்கும் அந்த நாட்டின் கோட்டை, கோபுரச் சாயலில் ஒரு முகப்பு, உள்ளே கடைகள். தேசம் என்கிற பெருங்கதையாடலை இவ்வளவு மலிவாக, தெர்மக்கோலும் பெயிண்டுமாக வேறெங்கும் பார்க்க முடியாது.

இந்த ஒழுங்கு நண்பருக்குப் புதிதல்ல. அவர் இருக்கும் கேம்ப்பிலும் அறைகள் நாடுவாரியாகத்தான். தமிழனுக்கு ஓர் அறை, பட்டாணிக்கு ஓர் அறை. சமையல் மணமும் அப்படியே பிரிந்து கிடக்கும். நாலு பேரும் பழகியது அறையில் அல்ல, விடிகாலை நாலரைக்குக் கிளம்பும் கம்பெனி பஸ்ஸில். பூங்காவின் அரங்குகளும் கேம்ப்பின் அறைகளும் ஒரே வரைபடத்தின் இரண்டு பிரதிகள் எனலாம். நட்பு நிகழ்கிற வெளி இரண்டிலும் இல்லை; இடையே ஓடும் பஸ்ஸிலும் அரங்குகளுக்கு நடுவே நெரிகிற நடைபாதையிலும் இருக்கிறது.

நட்பு என்று சொல்கிறேன். அந்தச் சொல்லுக்கும் அங்கே ஒரு சரித்திரம் உண்டு. அரபியில் 'ரஃபீக்' என்றால் தோழன், வழித்துணை. வளைகுடாத் தெருவில் அது தெற்காசியக் கூலியாளைக் கூப்பிடும் சொல். "ஏய் ரஃபீக், இதைத் தூக்கு." பெயர் தெரிந்துகொள்ள வேண்டாதவனுக்கு நண்பன் என்று பெயர்! இதைப் போலவே 'பேச்சிலர்' என்பதும். ஊரில் மனைவியும் மூணு பிள்ளைகளும் இருந்தாலும், குடும்பத்தை அழைத்து வரச் சம்பளம் போதாத ஆண் அங்கே பேச்சிலர்தான். குடும்பங்களுக்கும் பெண்களுக்கும் மட்டும் என்று வாரத்தில் ஒரு நாளைப் பூங்கா ஒதுக்கியிருக்கிறது. பெண்களின் நிம்மதிக்காக என்பது நியாயம்தான். ஆனால் குடும்பம் யாருக்கு வாய்க்கிறது என்பதைச் சம்பளம்தான் முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் புகார் நினைவுக்கு வராமல் போகாது. பல தேசத்தார், பல மொழியார் கலந்து வாழ்ந்த பட்டினமென்று பட்டினப்பாலை பெருமைப்படுகிறது. நாம் இன்று அகதிக்கும் கூலிக்கும் வைத்திருக்கும் 'புலம்பெயர்' என்ற சொல் அதிலேயே இருக்கிறது. எனக்கு அதைவிட மணிமேகலையின் ஓரிடம் முக்கியம். அரசனின் மண்டபத்தைக் கட்டியவர்களைச் சாத்தனார் பட்டியலிடுகிறார்: மகதத்துக் கைவினைஞர், மராட்டக் கம்மியர், அவந்திக் கொல்லர், யவனத் தச்சர், கூடவே தமிழ் வினைஞர். அரங்கின் முகப்பில் நாட்டின் பெயர் இல்லை. உழைத்தவன் பெயரோடு நாடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இத்தனைக்கும் அது சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் சொல்லி மணிமேகலை அரசனிடம் கேட்கிற காதை. (அவர்கள் எங்கே படுத்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள் என்று சாத்தனாரும் சொல்லவில்லை என்பது வேறு.)

அந்த நாளுக்கு வருவோம். சீட்டு 25 திர்ஹாம், எல்லா நாளுக்குமானது 30. மாதம் ஆயிரத்து இருநூறு வாங்குகிறவருக்கு யோசித்துச் செய்யும் செலவு. பாகிஸ்தான் அரங்குக்குள் நுழைந்ததும் பெஷாவர்க்காரர் திடீரென்று வீட்டுக்காரர் ஆகிவிட்டாராம். "வாங்க, வாங்க" என்று மூவரையும் இழுத்துப்போய், கடைக்காரரிடம் பஷ்தோவில் சண்டை போட்டு, நம் ஆளுக்கு ஒரு கம்பளியை அடிமாட்டு விலைக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அடுத்து இந்திய அரங்கு. இப்போது உபசரிக்க வேண்டியவர் இவர். கண்ணில் பட்டதெல்லாம் காஷ்மீர்ச் சால்வை, ராஜஸ்தான் பொம்மை. "இதுல நம்மூரு எங்க இருக்கு, எதக் காட்டுறது?" கடைசியில் வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தாராம். நேபாளிக்கு ராட்டினம் தவிர எதுவும் வேண்டாம். பிலிப்பைன்ஸ்காரர் எல்லாரையும் படமெடுத்துக்கொண்டே இருந்தார். பேச்செல்லாம் கேம்ப் இந்தி. 1965இல் இந்திக்கு எதிராகக் கொதித்த மாநிலத்திலிருந்து போனவர் அதை ஆறு மாதத்தில் பிடித்துக்கொண்டார், பிழைப்புக்கு. இவங்களுக்கு உங்க பாஷையில என்ன பேரு என்று கேட்டேன். "கூட்டாளிங்க" என்றார். ரஃபீக் என்பதற்கு இதைவிடச் சரியான தமிழ் எனக்குத் தெரியவில்லை.

இதைக் கொண்டாட்டம், பக்தினின் கார்னிவல் என்று உடனே எழுதிவிடத் தோன்றும். எனக்குத் தயக்கம் உண்டு. தொழிற்சங்கம் கூடாத, வேலைநிறுத்தம் செய்தால் நாடு கடத்தப்படக்கூடிய தேசம் அது. நாலு நாட்டுத் தொழிலாளிகள் கேட்பாரில்லாமல் தோளில் கைபோட்டுக் கூட்டமாக நிற்க அங்கே சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அதே சமயம், அந்தக் கம்பளியும் டீயும் சீட்டுக்குள் அடங்கியவை அல்ல.

வளைகுடா பற்றிய நம் எழுத்தில் இந்த மனிதர் கிடைப்பதில்லை. பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' (2008) பாலைவனத்தில் ஒற்றை ஆளை விட்டது. அதற்கு அது தேவைப்பட்டது. தமிழில் நாமோ போனவனை ஒன்று கடுதாசி எழுத வைக்கிறோம், இல்லையென்றால் பெட்டியில் திரும்பக் கொண்டுவருகிறோம். பெஷாவர்க்காரரோடு சேர்ந்து கம்பளிக்கு விலை பேசுகிறவர் இன்னும் கதைக்குள் வரவில்லை.