ஒரே சர்வர், பல முகவரி

அப்பாச்சி ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் என்ஜின்எக்ஸையும் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிழைச்செய்தி பழக்கமானது: முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. இந்த இரண்டு வெப் சர்வர் மென்பொருள்களுமே 443ஆம் போர்ட்டைக் கேட்கின்றன. இன்னொரு ஐபி முகவரியை அதே நெட்வொர்க் கார்டில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள்.

பாதிதான் சரியாகும். அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் ‘லிசன் 443’ என்று மட்டும் எழுதியிருந்தால், அது சர்வரின் எல்லா முகவரிகளையும் வளைத்துப் போட்டுக்கொள்ளும்; புதிதாக வாங்கியதையும் விடாது. எண்ணுக்கு முன்னால் ஐபியையும் எழுதிக் கொடுத்தால்தான் அடங்கும்.

ஒரே சர்வருக்குப் பல ஐபி வாங்கும் வழக்கம் சும்மா வந்ததல்ல. 1997இல் வந்த எச்டிடிபி 1.1, பிரவுசர் தளத்தின் பெயரையும் சொல்லியாக வேண்டும் என்றது. ஒரே ஐபியில் பல தளங்கள் குடியேறின. எச்டிடிபிஎஸ்ஸில் அது எடுபடவில்லை. பெயர் காதில் விழும் முன்பே சர்வர் சான்றிதழைக் காட்ட வேண்டியிருந்ததால், தளத்துக்கொரு ஐபி தேவைப்பட்டது. பிரவுசர் தளத்தின் பெயரை முன்கூட்டியே சொல்ல வழிசெய்த எஸ்என்ஐ, 2003இல் அந்த முடிச்சை அவிழ்த்தது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குக் கடைசிவரை அது புரியவில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்த 2014 வரை தனி ஐபி வாங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்றும் பழக்கதோஷத்தில் வாங்குபவர்களைச் சொல்லலாம்.

மின்னஞ்சல் கதை வேறு. செய்திமடல் அனுப்பும் ஐபி ஸ்பேம் பட்டியலில் மாட்டினாலும், ரசீது அனுப்பும் ஐபி தப்பிக்க வழியுண்டு. அதற்கும், வெளியே போகும் அஞ்சல் எந்த ஐபியிலிருந்து கிளம்ப வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். மறந்தால் எல்லாம் முதன்மை முகவரியிலிருந்தே போகும். சேவைக்கொரு ஐபி இருந்தால், ஒரு சேவையை அதன் ஐபியோடு வேறு சர்வருக்குப் பெயர்ப்பதும் எளிது. அதிகம் பேசப்படாத நன்மை இது.

தனி ஐபி என்றால் தனிப் பாதுகாப்பு என்ற நம்பிக்கைதான் ஆபத்து. கெர்னல் ஒன்று, ரேம் ஒன்று, டிஸ்க் ஒன்று. ஒரு தளத்தின் லாக் கோப்பு டிஸ்க்கை நிரப்பினால் எல்லா முகவரிகளும் சேர்ந்தே படுக்கும்.

விலையும் உண்டு. இணைய முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் ஐயானாவின் ஐபிவி4 கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. பொது ஐபிவி4 ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் என்று அமேசான் 2024 பிப்ரவரியிலிருந்து வசூலிக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 44 டாலர். ஐபிவி6இல் சேவைக்கொரு முகவரி கொடுத்தாலும் தட்டுப்பாடு வராது. ஆனால் ஐபிவி4 இணைப்பு மட்டுமே உள்ளவருக்கு அந்தத் தளம் திறக்காது. அதனால் முன்வாசலில் ஒரே ஐபிவி4இல், வரும் கோரிக்கைகளை உரிய சேவைக்கு அனுப்பும் ரிவர்ஸ் பிராக்ஸி, பின்கட்டில் சேவைக்கொரு ஐபிவி6 என்று அமைத்துக்கொள்கிறார்கள். பத்துச் சேவை ஓடினாலும் ஐபிவி4 வாடகை ஒன்றுக்குத்தான்.