தகுதி என்னும் சொல்

திறனாய்வு என்றதும் கதை, கவிதை, நாடகம் ஆகியவற்றை எடைபோடும் முயற்சி என்றே நம்மிற் பலர் கருதுகின்றனர். ஆயின், மனிதருடைய வாழ்வை நெறிப்படுத்தும் சொற்கள் இலக்கிய நூல்களில் மட்டும் வாழ்வனவல்ல. சட்டத்தின் ஒரு வாசகமும், நீதிமன்றத் தீர்ப்பின் ஓர் அடைமொழியும், கல்லூரி விண்ணப்பப் படிவத்தின் ஒரு நிபந்தனையும் ஒருவருடைய எதிர்காலத்தையே நிர்ணயித்துவிடுகின்றன. ஆகவே அவற்றையும் சொல்லாராய்ச்சிக்கு உட்படுத்துதல் சமுதாயப் பொறுப்புள்ள விமரிசகனின் கடமைகளுள் ஒன்றாகும். 'தகுதி' என்னும் சொல்லை அவ்வாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். களம், அமெரிக்க ஐக்கிய நாடு. பொருள், கற்றல் இடர்பாடு உடைய ஒருவர் தாதியாகப் பயில விரும்பும்போது அவர்முன் எழும் தடைகளும், அவர் கோரும் மாற்று ஏற்பாடுகளும்.

முதலிற் கற்றல் இடர்பாடு யாதெனத் தெளிதல் வேண்டும். 1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில வைத்தியர், பிரித்தானிய மருத்துவ இதழில் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அச்சிறுவன் அறிவுக்கூர்மை உடையவன், கணக்கில் இடர்ப்படாதவன், எனினும் அச்செழுத்திற் கண்ட சிறு சொற்களையும் வாசிக்க இயலாதவன். பாடங்கள் முழுவதும் வாய்மொழியாகவே நடைபெறுமாயின் பாடசாலையில் அவனே முதல்வனாவான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதாகவும் மோர்கன் குறித்துள்ளார். 'கற்றல் இடர்பாடு' என்ற பெயர் 1963இல் சாமுவேல் கேர்க் என்பவரால் அமெரிக்காவிற் பரவலாக்கப்பட்டது. பெயர் புதிதாயினும் மோர்கன் கண்ட உண்மை மாறவில்லை. அறிவாற்றல் ஒன்று, எழுத்தை விரைந்து வாசிக்கும் ஆற்றல் வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் கல்விமுறையே, வேறுபட்ட வழியிற் கற்கும் மாணாக்கரைத் தகுதியற்றோர் எனத் தள்ளுகிறது.

அமெரிக்காவில் இத்தகையோருக்குச் சட்டப் பாதுகாப்பு இலகுவிற் கிட்டியதன்று. 1973ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டம், அதன் 504ஆம் பிரிவில், சமஷ்டி அரசின் பணம் பெறும் எந்த நிறுவனமும் 'மற்றபடி தகுதியுடைய' ஒருவரை அவருடைய குறைபாடு காரணமாக மட்டும் விலக்குதலாகாது என விதித்தது. ஆனால் அதனை நடைமுறைப்படுத்தும் ஒழுங்கு விதிகள் நான்காண்டு காலம் கையெழுத்தாகாமற் கிடந்தன. 1977 ஏப்ரலில், சக்கர நாற்காலியில் இயங்குவோரும், பார்வையற்றோரும், செவிப்புலன் இழந்தோரும் சன் பிரான்சிஸ்கோவிலுள்ள அரசாங்கக் கட்டடம் ஒன்றினுட் புகுந்து ஏறத்தாழ நான்கு வாரங்கள் அங்கேயே தங்கிப் போராடினர். கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தினர் அவர்களுக்கு உணவளித்தனர். அம்மாதம் 28ஆந் திகதி விதிகள் கையெழுத்தாயின. இச்சட்டம் மேலிருந்து அருளப்பட்டதன்று, கீழிருந்து வென்றெடுக்கப்பட்டது என்பது மனங்கொளத்தக்கது.

அப்பிரிவு உச்ச நீதிமன்றத்தில் முதன்முதலாகப் பொருள் காணப்பெற்ற வழக்கு ஒரு தாதியர் கல்லூரியைப் பற்றியது. வட கரோலினாவைச் சேர்ந்த பிரான்சிஸ் டேவிஸ் 1967 முதல் செய்முறைத் தாதியாக அனுமதிப்பத்திரம் பெற்றிருந்தவர். பதிவுபெற்ற தாதியாக உயர விரும்பிச் சவுத் ஈஸ்ரேண் சமுதாயக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அவருக்குச் செவிப்புலன் குறைவு இருந்தது. கேட்கும் கருவி அணிந்தபோதும், பேசுவோரின் உதட்டசைவை நோக்கியே அவர் பேச்சைப் புரிந்துகொள்ளக்கூடியவராயிருந்தார். சத்திரசிகிச்சைக் கூடத்தில் யாவரும் முகமூடி அணிந்திருப்பர். அங்கே உதட்டசைவு தெரியாது. ஆதலின் நோயாளிக்கு ஆபத்து விளையலாம் என்று கூறிக் கல்லூரி அவரை ஏற்க மறுத்தது. 1979 ஜூன் 11ஆந் திகதி, நீதியரசர் பவல் எழுதிய ஏகமனதான தீர்ப்பின் மூலம் உச்ச நீதிமன்றம் கல்லூரியின் முடிவை ஆதரித்தது.

இங்கேயே சொல்லாராய்ச்சி தேவையாகின்றது. 'மற்றபடி தகுதியுடையவர்' என்ற தொடருக்கு இரண்டு பொருள் கொள்ளலாம். குறைபாட்டை ஒதுக்கிவிட்டு நோக்கும்போது தகுதியுடையவர் என்பது ஒன்று. குறைபாடு இருந்தும், வகுக்கப்பட்ட நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவேற்ற வல்லவர் என்பது மற்றொன்று. கீழ்ப்பட்ட மேன்முறையீட்டு நீதிமன்றம் முதற் பொருளைச் சார்ந்து டேவிசுக்குச் சார்பாகப் பேசியது. உச்ச நீதிமன்றம் இரண்டாவது பொருளை நிலைநாட்டியது. அதனோடு, கல்லூரி தன் பாடநெறியை அடிப்படையில் மாற்றும் கடப்பாடு உடையதன்று எனவும் கூறியது. வைத்தியரின் பணிமனையிலோ தொழிற்சாலையிலோ தாதியாகக் கடமையாற்றத் தம்மால் இயலும் என்று டேவிஸ் வாதித்தார். பதிவுபெற்ற தாதி எல்லா வழமையான கடமைகளுக்கும் பயிற்றப்படுதல் வேண்டும் என்ற கல்லூரியின் நிபந்தனையை மன்றம் ஏற்றுக்கொண்டதால், அவ்வாதம் பயனற்றுப் போயிற்று.

இத்தீர்ப்பை முற்றாக நிராகரித்தல் நேர்மையாகாது. நோயாளியின் உயிர் வெறும் சாட்டன்று; அது மெய்யான மதிப்பு. உழைக்கும் மக்களே பொது வைத்தியசாலையின் படுக்கைகளை நிரப்புவோர். அவர்களுடைய பாதுகாப்பைத் துச்சமாக எண்ணும் முற்போக்கு, முற்போக்கன்று. காலப்போக்கில் ஏற்படும் தொழில்நுட்ப முன்னேற்றங்கள் நிலைமையை மாற்றலாம் எனவும், நியாயமான மறுப்புக்கும் பாரபட்சத்துக்கும் இடையிலுள்ள கோடு எப்போதும் தெளிவாயிருக்காது எனவும் மன்றமே ஒப்புக்கொண்டது. எனினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அந்த நிபந்தனைகளை வகுத்தவர் யார்? ஒரு தொழிலின் இன்றியமையாத கூறுகள் எவை, பழக்கத்தினால் வந்து ஒட்டிக்கொண்ட கூறுகள் எவை என்பதை நிறுவனமே வகுத்து, நிறுவனமே அளந்து, நிறுவனமே தீர்ப்புக் கூறுமாயின், 'தகுதி' என்பது அளவுகோலாயிராது, வாயிற்கதவாகிவிடும்.

இக்கேள்விக்கு ஓரளவு விடை கூறியது டஃப்ற்ஸ் பல்கலைக்கழக வழக்கு. அது மருத்துவ மாணவர் ஒருவரைப் பற்றியதெனினும் அதன் தத்துவம் தாதியர் கல்விக்கும் பொருந்தும். வாசிப்பு இடர்பாடு உடைய அம்மாணவர், பல விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் பரீட்சை முறை தமது அறிவை அளக்கவில்லை என முறையிட்டார். அம்முறை அவசியமானது என்று பீடாதிபதி சத்தியக்கடதாசி ஒன்றில் வெறுமனே கூறியமை போதாது என 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மாற்று வழிகளையும், அவற்றின் சாத்தியப்பாட்டையும், செலவையும், பாடநெறிமீது அவை விளைக்கும் தாக்கத்தையும் உரியவர்கள் உண்மையிலேயே ஆராய்ந்தார்களா என்பதைக் காட்டுதல் வேண்டும் என்பது அதன் முடிவு. பல்கலைக்கழகம் பின்னர் அவ்வாறு காட்டியது. 1992இல் மாணவர் தோற்றார். தனிமனிதர் தோற்றபோதும் ஒரு நெறி வென்றது. 'முடியாது' என்று சொல்பவர் ஏன் முடியாது என்பதற்கு விளக்கம் தரக் கடமைப்பட்டவர் என்பதே அந்நெறி.

அடுத்த வழக்கு இதனினும் வியப்புக்குரியது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற மாணவர் ஒருவர், வைத்தியசாலைப் பயிற்சிக்கு முன்னர் வாசிப்பதற்கு மேலதிக காலம் கோரினார்; கோரிக்கை மறுக்கப்பட்டது. மறுப்புக்குப் பல்கலைக்கழகம் போதிய காரணம் காட்டவில்லை என 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் திருப்பியனுப்பியது. ஆனால் 2004இல் அதே மன்றம் வேறொரு வாதத்தை ஏற்றது. மருத்துவக் கல்வியின் முதலிரண்டு ஆண்டுகளை விசேட ஏற்பாடின்றியே கடந்த ஒருவரைச் சட்டப்படி இயலாமை உடையவர் எனக் கொள்ள முடியாது என்பதே அவ்வாதம்.

இத்தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்து வாசிப்போமாயின் முரண்பாடு துலாம்பரமாகும். டேவிசின் இயலாமை மெய்யானது. எனவே அவர் தகுதியற்றவர். கலிபோர்னிய மாணவர் தகுதியுடையவர். எனவே அவருடைய இயலாமை மெய்யானதன்று. தோற்றால் தகுதியில்லை, வென்றால் தேவையில்லை! இரவு பகலாக, பிறரினும் இருமடங்கு உழைத்து ஒருவர் எய்திய வெற்றியே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. 1990இல் நிறைவேறிய இயலாமையுடைய அமெரிக்கர் சட்டத்துக்கு 2008இற் கொண்டுவரப்பட்ட திருத்தம், இயலாமை என்பதற்குப் பரந்த பொருள் கொள்ளுமாறும், ஒருவர் தம் முயற்சியாலும் பழக்கத்தாலும் குறையை ஈடுசெய்வதை அவருக்கு எதிராகக் கணிக்கலாகாது எனவும் விதித்து, 2009 ஜனவரி முதலாந் திகதி முதல் இம்முரண்பாட்டைப் பெருமளவு நீக்கியது.

சட்டம் திருந்தியது, வாழ்க்கை அவ்வளவில் திருந்திவிடவில்லை. பாடசாலையிற் பயிலும் காலத்தில் இடர்பாடுள்ள பிள்ளையை இனங்காணும் கடமை அமெரிக்க அரச பாடசாலைகளைச் சார்ந்தது. 1975ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதற்கு வழிசெய்தது. கல்லூரியின் வாயிலைத் தாண்டியதும் அப்பொறுப்பு மாணவரின் தோளுக்கு மாறுகிறது. அவரே தம் குறையை வெளிப்படுத்த வேண்டும். நிபுணரின் மதிப்பீட்டறிக்கையை அவரே சமர்ப்பிக்க வேண்டும். அதற்கான செலவை ஏற்கக் கல்லூரி கடமைப்பட்டதன்று. வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளையிடம் அவ்வறிக்கை சிறு வயதிலிருந்தே இருக்கும். பகலில் முதியோர் இல்லத்தில் உதவியாளராக உழைத்து, மாலையிற் சமுதாயக் கல்லூரியிற் பயிலும் பெண்ணுக்குத் தன் இடர்பாட்டின் பெயரே தெரியாதிருக்கலாம். உரிமை இருவருக்கும் ஒன்றே; அதனை எட்டும் ஏணி ஒருவருக்கே உண்டு. பயிற்சி முடிந்தபின் வரும் பதிவுத் தாதியர் அனுமதிப் பரீட்சையிலும் இதே நிலைதான். மேலதிக நேரமோ தனியறையோ வேண்டுவோர் அந்தந்த மாநிலத் தாதியர் சபையிடம் மீண்டும் சான்றுகளோடு விண்ணப்பித்தல் வேண்டும்.

இனி, இவ்விவாதத்தின் உயிர்நாடியான பாதுகாப்பு என்னும் வாதத்தை நோக்குவோம். சொற்களைத் தடுமாறி வாசிப்பவர் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? நியாயமான அச்சமே. ஆயின், வாசிப்பில் எவ்விதக் குறையும் இல்லாதவர்களும் தவறிழைக்கின்றனர் என்பதை மறத்தலாகாது. 1999இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, வைத்தியசாலைகளில் நிகழும் தவறுகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை உயிரிழக்கின்றனர் என மதிப்பிட்டது. அத்தவறுகளுக்குப் பெரிதும் காரணம் தனிமனிதரின் கவனயீனமன்று, ஒழுங்கமைப்பின் குறையே என்பது அதன் முடிபு. 'ஹைட்ராக்ஸிசின்' அரிப்பைத் தணிக்கும் மருந்து. 'ஹைட்ராலசின்' இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. ஆங்கிலத்தில் இவ்விரு பெயர்களையும் மாறி வாசிக்க எவருக்கும் வாசிப்பு இடர்பாடு இருக்கவேண்டியதில்லை. ஆகவேதான் 2001 முதல், இத்தகைய பெயர்களில் வேறுபடும் பகுதியைப் பெரிய எழுத்துகளில் அச்சிடும் வழக்கத்தை அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் ஊக்குவித்தது. 2004இல் மருந்துப் பொதிகளிற் பட்டைக்குறி இடுதலையும் விதியாக்கியது. தாதி கருவியொன்றால் அக்குறியையும் நோயாளியின் கைப்பட்டியையும் சரிபார்த்த பின்னரே மருந்தைக் கொடுக்கும் முறை பரவியது.

இவை யாவை? வாசிக்கும் கண் தடுமாறும் என்பதை ஒப்புக்கொண்டு, அக்கண்ணுக்கு உதவியாகச் செய்யப்பட்ட ஏற்பாடுகளே அன்றோ! யாவருக்கும் செய்யும்போது அதற்குப் 'பாதுகாப்பு ஒழுங்கு' என்று பெயர். ஒருவர் தமக்கெனக் கேட்கும்போது அதற்குச் 'சலுகை' என்று பெயர். சலுகை என்னும் சொல்லினுள் மேலோர் கீழோருக்கு இரங்கும் பண்ணை மனப்பான்மை மறைந்துள்ளது. இத்துறையில் அச்சொல்லை நாம் கைவிடுதல் நன்று.

பரீட்சை மண்டபத்தில் மேலதிக நேரம் பெறுபவர், இதயம் நின்ற நோயாளியின் படுக்கையருகே மேலதிக நேரம் கேட்பாரா என்பது அடிக்கடி எழுப்பப்படும் வினா. இரண்டு வேறு செயல்களை ஒன்றாக்கும் வினா இது. பரீட்சைத் தாளில் அளக்கப்படுவது நீண்ட வாக்கியங்களை வாசிக்கும் வேகம்; படுக்கையருகே வேண்டப்படுவது கண்டதும் கை இயங்கும் பயிற்சி. புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1859இல் வெளியிட்ட தாதியியற் குறிப்புகளில் நோயாளியை உற்றுநோக்குதல் பற்றித் தனியோர் அத்தியாயமே வரைந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. படுக்கையருகே ஒருவர் தடுமாறுவாராயின் அங்கே அவரைச் சோதித்து, அங்கேயே தகுதியற்றவர் என முடிவுசெய்யலாம், அது நீதி. கடதாசியிற் தடுமாறியதைக் காட்டிப் படுக்கையருகேயும் தடுமாறுவார் என ஊகித்தல் நீதியாகாது.

இவ்விவகாரம் நமக்கும் அந்நியமானதன்று. கல்வி நிறுவனத்துக்கு அனுமதிப்பதில் இயலாமை காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. நியாயமான ஏற்பாடுகளை மறுத்தலும் பாரபட்சமே எனக் கூறும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. 2012இல் அமெரிக்க மேற்சபையில் 61 பேர் ஆதரித்தும், மூன்றிலிரண்டு பெரும்பான்மை கிட்டாமையால் அதே சமவாயம் அங்கு தோல்வியுற்றது. எனவே ஏட்டளவில் நாம் அவர்களினும் முன்னேறியவர்களே! வகுப்பறையில் நிலைமை வேறு. வாய்மொழி வினாவுக்கு முதலிற் கையுயர்த்தி, எழுத்துப் பரீட்சையிற் கடைசியில் நிற்கும் பிள்ளையை ஆசிரியத் தொழிலில் இருப்போர் யாவரும் அறிவர். அப்பிள்ளைக்கு நாம் வழங்கும் பெயர் 'மொக்கு' என்பதே. மோர்கன் எழுதி 130 ஆண்டுகள் அளவில் ஆகிவிட்டன. அச்சிறுவனின் ஆசிரியர் கண்டுகொண்ட அளவுக்கேனும் நாம் கண்டுகொண்டோமா?

தகுதியை அளத்தல் கூடாதென்று எவரும் சொல்லவில்லை. உயிரைக் காக்கும் தொழிலில் அளவுகோல் கண்டிப்பாக இருத்தல் வேண்டும். ஆனால் அவ்வளவுகோல் தொழிலின் தேவையிலிருந்து பிறந்ததா, பழக்கத்திலிருந்து பிறந்ததா எனக் கேட்கும் உரிமை, அளக்கப்படுபவருக்கும் உண்டு. அக்கேள்விக்கு ஆதாரத்தோடு விடையளிக்கும் கடமை அளப்பவருக்கு உண்டு. அவ்விடை கிடைக்கும்வரை 'தகுதியற்றவர்' என்ற சொல்லை எவர் மீதும் எழுதாதிருப்போமாக.