இறந்தோரை எண்ணும் முறை

மதம் போருக்கு வித்திடுகின்றதா, அன்றிப் போரைத் தணிக்கின்றதா என்னும் வினா எம்மிடையே நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன என்றும், சுயநலமிகளே அவற்றைத் திரித்து இரத்தம் சிந்தச் செய்கின்றனர் என்றும் ஒருசாரார் கூறுவர். மதமே பகைமை அனைத்துக்கும் மூலம் என்றும், அது ஒழியின் சமாதானம் தானே மலரும் என்றும் மற்றொரு சாரார் வாதிப்பர். இரு கூற்றுக்களும் எளிமையானவை. எளிமை காரணமாகவே மேடைகளில் கைதட்டல் பெறுபவை. ஆயின் இலக்கியத்தையும் வரலாற்றையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு இவை போதா.

ஒரு சமுதாயம் எதனை மெய்யாகவே மதித்தது என்பதை அதன் நீதிநூல்களிலிருந்து மட்டும் அறிந்துவிட முடியாது. போர் முடிந்தபின் அது இறந்தோரை எவ்வாறு எண்ணியது என்பதிலேயே அம்மதிப்பு வெளிப்படும். யாருடைய சாவு கணக்கில் ஏறிற்று, யாருடையது ஏறவில்லை என்று கேட்கின், மதத்துக்கும் வன்முறைக்கும் உள்ள உறவு ஓரளவு தெளிவாகும். இந்நோக்கில் மூன்று ஆக்கங்களை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று கல்லிற் பொறித்தது. ஒன்று பாளியில் யாத்தது. ஒன்று தமிழிற் பாடியது.

முதலாவது, அசோகனின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு. முடிசூடிய எட்டாண்டுகளின் பின்னர், கி.மு. 261 அளவில், அவன் கலிங்கத்தை வென்றான். சிறைப்பிடித்துக் கொண்டுசெல்லப்பட்டோர் 1,50,000 பேர் என்றும், களத்தில் கொல்லப்பட்டோர் 1,00,000 பேர் என்றும், மாண்டோர் அதனினும் பன்மடங்கினர் என்றும் அக்கல்வெட்டு கூறுகின்றது. வென்றவனே தான் கொன்ற பகைவரின் தொகையைக் கல்லில் வெட்டி வைத்து, அதன்பொருட்டு வருந்துவதாக அறிவிப்பது உலக வரலாற்றில் அரிதான செய்தி. சோழ பாண்டிய நாடுகளையும் தாம்பிரபரணியாகிய எமது இலங்கையையும் தரும வெற்றி எட்டிய இடங்களாக அதே கல்வெட்டுக் குறிப்பதால், இது எமக்கு முற்றிலும் அந்நியமான சாசனமும் அன்று.

எனினும், வியந்து நின்றுவிடுதல் விமர்சனம் ஆகாது. இந்தப் பெரும் இரக்கத்துக்கும் எல்லை உண்டு. தன் ஆட்சிக்குட்பட்ட காட்டுவாசிகளை நோக்கி, மன்னன் வருந்துபவனாயினும் தண்டிக்கும் வலிமையும் உடையவன் என்பதை அதே சாசனம் நினைவூட்டுகின்றது. அன்றியும், கலிங்கத்திலேயே தௌலியிலும் ஜௌகடாவிலும் பொறிக்கப்பட்ட சாசனத் தொகுதிகளில் இந்தப் பதின்மூன்றாம் கல்வெட்டு இடம்பெறவில்லை. மக்கள் அனைவரும் தன் பிள்ளைகள் என்னும் கருத்துடைய வேறு சாசனங்களே அங்கு வைக்கப்பட்டன. யாருடைய பிணங்கள் எண்ணப்பட்டனவோ அவர்களுக்கு அக்கணக்குக் காட்டப்படவில்லை. பேரரசு தன் எல்லையைத் தொட்டுவிட்டது. இனி வேண்டியது நிருவாகம், வரி, அமைதியான உழவு. அந்நிலையில்தான் பௌத்தத்தின் கருணை அரசநீதியாக ஏற்புப் பெற்றது. கருணை பொய் என்பது எமது கருத்தன்று. அது வேரூன்றுதற்கு உரிய நிலம் அப்பொழுது இருந்தது என்பதே கருத்து.

இனி மகாவம்சத்துக்கு வருவோம். அதே பௌத்தம்; ஆயின் வேறு கணக்கு. எல்லாளனை வென்ற துட்டகைமுனு, அழிந்துபோன பெரும் படையை எண்ணி மகிழ்ச்சியற்றிருக்கின்றான். இவ்விடத்தில் நூலாசிரியர் அசோகனின் வாயிலுக்கே வந்து நிற்கின்றார். ஆனால் கதவு திறக்கப்படவில்லை. பியங்குதீபத்திலிருந்து எட்டு அரகந்தர் வான்வழியே வந்து மன்னனைத் தேற்றுகின்றனர். அவர்கள் கணக்கின்படி கொல்லப்பட்டோர் ஒன்றரை மனிதரே. மும்மணிகளைச் சரணடைந்த ஒருவர். ஐந்து சீலங்களையும் ஏற்ற இன்னொருவர். எஞ்சியோர் பொய்க்காட்சியினர், விலங்குகளை ஒப்பர். இவ்வாறு, அசோகன் கல்லில் நிறுத்திவைத்த துயரை மகாவம்சம் எழுப்பி, உடனே அணைத்துவிடுகின்றது.

இது பௌத்தத்தின் இயல்பென்று கூறுவோர் அதே நூலின் முந்திய அத்தியாயத்தைப் படித்தல் வேண்டும். துட்டகைமுனுவும் அவன் தம்பி சத்தாதிஸ்ஸனும் பொருதபோதும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அங்கே பிக்குகள் தோற்ற தம்பிக்கு அடைக்கலம் கொடுத்தனர். இருவரையும் இணக்கியும் வைத்தனர். ஒரே மதம், ஒரே நூல், அடுத்தடுத்த அத்தியாயங்கள். ஒரு களத்தில் துறவி சமாதானத் தூதுவர். மறுகளத்தில் கொலைக்குக் கழுவாய் சொல்பவர். சீலம் மாறவில்லை. எதிரே நின்றவன் உறவினனா, அயலானா என்பதே மாறியது. மனித குலத்தின் எல்லையைச் சமுதாயம் எங்கே வரைகின்றதோ, அங்கேயே மதத்தின் கருணையும் நின்றுவிடுகின்றது.

அவ்வெல்லை ஏன் அங்ஙனம் வரையப்பட்டது? மகாவம்சம் யாக்கப்பட்டது துட்டகைமுனுவின் காலத்திலன்று. ஏறத்தாழ 6 நூற்றாண்டுகளுக்குப் பின்னர். அதற்கு முந்திய தீபவம்சத்தில் இம்மன்னனுக்குச் சில அடிகளே உள. இடைப்பட்ட காலத்தில் மகாவிகாரை அபயகிரியோடு போட்டியிட்டது; மகாசேனன் காலத்தில் இடிபாடுகளையும் கண்டது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் அறுவர் அநுராதபுரத்தை அடுத்தடுத்து ஆண்டனர். தாதுசேனன் அவ்வாட்சியை முடிவுக்குக் கொணர்ந்தான். நிலமும் குளமும் மானியமாகப் பெற்று வாழ்ந்த ஒரு நிறுவனத்துக்குத் தன்னைக் காக்கும் வேந்தன் தேவைப்பட்டான். அவ்வேந்தனின் வாள் கறையற்றதாகவும் தோன்றவேண்டியிருந்தது. ஒன்றரை மனிதர் என்ற கணக்கு அத்தேவையிற் பிறந்தது.

இன்னொன்றும் கருதத்தக்கது. எல்லாளனை நீதி தவறாத மன்னனாக மகாவம்சம் புகழ்கின்றது. வென்றவன் அவனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பி வழிபாடும் விதித்தான் என்கின்றது. பகை மன்னனுக்கு மரியாதை உண்டு. அவனுக்காக மடிந்த பெயரற்ற போர்வீரன்தான் விலங்காகிப் போனான். அதுமட்டுமன்று, அரகந்தரின் கூற்றில் இறந்தோர் சமயத்தாற் பகுக்கப்பட்டனரேயன்றி மொழியாற் பகுக்கப்படவில்லை. மணிமேகலையைத் தந்த மொழியைப் பௌத்தத்தின் பகை மொழியாகக் கொள்ள இடமும் இல்லை. சமயப் பிரிவை இனப் பிரிவாக வாசித்தது பிற்காலம். சிறப்பாக, வேலையும் கல்வியும் காணியும் மொழிவழி பங்கிடப்பட்ட 20ஆம் நூற்றாண்டு. கதை பழையது, அதனை ஆயுதமாக்கிய வாசிப்புப் புதியது. அவ்வாயுதம் கடல் கடந்தும் செல்லும். 2017இல், மியன்மாரில் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் நாட்டைவிட்டு ஓட நேர்ந்த நாட்களில், அந்நாட்டின் புகழ்பெற்ற மூத்த பிக்கு ஒருவர் இராணுவ அதிகாரிகளுக்கு ஆற்றிய உபதேசத்தில் இக்கதையையே எடுத்துரைத்தார்.

இவ்வளவில் நிறுத்திக்கொள்வோமாயின், தமிழ் வாசகர் சிலருக்கு அது உவப்பாக இருக்கும். எமது வீட்டையும் சோதித்தல் வேண்டும். அசோகன் அழுத அதே கலிங்கத்தின்மீது கி.பி. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் குலோத்துங்கனின் படை சென்றது. நடத்தியவன் கருணாகரத் தொண்டைமான். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி அப்போரைப் பாடுகின்றது. ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனுக்குரியது பரணி என்பது இலக்கணம். இங்கு எண்ணப்படுவது யானை, மனிதர் எண்ணப்படவில்லை. வட கலிங்க வேந்தன் இருமுறை திறை செலுத்தத் தவறினான் என்பதே நூல் கூறும் போர்க் காரணம். ஆயின் நூலின் பெரும்பகுதியில் நாம் காண்பது திறையையன்று. காளியையும் பசித்த பேய்களையும். களத்திலே பேய்கள் கூழ் அடுகின்றன; உண்டு களிக்கின்றன. அரசின் வரிப்பசி தேவியின் வயிற்றுப்பசியாக மாற்றப்பட்டது. வரிக்காகக் கொன்றால் கொலை. தேவிக்காகக் கொன்றால் விருந்து.

தோற்றோடிய கலிங்க வீரர் சமணராகவும் பௌத்தராகவும் பார்ப்பனராகவும் பாணராகவும் வேடமிட்டு உயிர்தப்பியதாகப் புலவர் நகையாடுகின்றார். வில்நாண் பூணூலாகின்றது, குருதி தோய்ந்த ஆடை காவியாகின்றது. உயிருக்கு அஞ்சிய மனிதனைக் கண்டு சிரிப்பதற்கு எமக்கு நெடுநாளாகக் கற்பிக்கப்பட்டுள்ளது. சந்த நயத்தையும் கற்பனை வளத்தையும் வகுப்பறையில் விளக்குகின்றோம், அவை விளக்கத்தக்கனவே. ஆனால் அச்சிரிப்பு யாருடைய சிரிப்பு என்று மாணவரைக் கேட்கத் தூண்டுவதில்லை. செயங்கொண்டாரின் ஆற்றல் பெரிது. ஆற்றல் பெரிதாக இருப்பதனாலேயே வினாவும் அவசியமாகின்றது. நலிந்த கவிதை எவரையும் கொலைக்குப் பழக்காது.

பழங்கதை எமக்கெதற்கு என்பார்க்கு எமது அண்மைக் காலம் விடைகூறும். 1983 முதல் 2009 வரை நீண்ட போரிலே எமது இறந்தோரை எவரும் எண்ணவில்லை என்று நாம் நியாயமாகவே முறையிடுகின்றோம். அவர்களுக்காக விளக்கேற்றும் உரிமையைக் கோருகின்றோம். அக்கோரிக்கை முற்றிலும் நீதியானது. ஆயின் 1985 மே மாதம் அநுராதபுரத்தில், ஸ்ரீமகாபோதி வளவிலும் நகரிலும் கொல்லப்பட்ட சிங்கள மக்களை எக்கணக்கில் வைத்தோம்? 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையின்போது சுடப்பட்டவர்களை எக்கணக்கில் வைத்தோம்? அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் தமிழையே பேசினர். மொழியே எம்மை இணைக்கும் என்று முழங்கியவர்களுட் பலர் அன்று வாய் திறக்கவில்லை. எமக்கு அரகந்தர் வந்து ஆறுதல் கூறவில்லை; எமது மௌனமே அப்பணியைச் செய்தது. மதம் இல்லாவிடத்து இனமும் இலட்சியமும் அதே வேலையைச் செய்யும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

ஆகவே, மதத்தை ஒழித்தால் வன்முறை ஒழியும் என்பதும், மதத்தைச் சரியாகப் போதித்தால் வன்முறை ஒழியும் என்பதும் ஒருங்கே தவறு. நிலம், வரி, பதவி, பாதுகாப்பு ஆகியவற்றில் எழும் முரண்பாடு யாரை மனிதக் கணக்கிலிருந்து நீக்கவேண்டும் என்பதைத் தூண்டுகின்றது. சமுதாய விழுமியங்கள் அந்நீக்கத்தை இயல்பானதாக்குகின்றன. மதம் அதற்குப் புனிதம் அளிக்கின்றது. சில வேளைகளில் மறுத்தும் நிற்கின்றது. மறுக்கும் அச்சிறு வாய்ப்பிலேதான் எழுத்தாளனுக்குப் பணி உளது.

அப்பணிக்கும் எமது மரபில் முன்மாதிரி உண்டு. மலையமானின் மக்களை யானைக்காலில் இடத் துணிந்த கிள்ளிவளவனைத் தடுக்கக் கோவூர்கிழார் புதிய அறமொன்றைக் கொண்டுவரவில்லை. புறாவுக்காகத் தன்னைத் தந்த சோழனின் வழித்தோன்றல் நீ என்று அம்மன்னனின் குலப்பெருமையையே அவனுக்கு எதிராக நிறுத்தினார். பின்பு அந்தச் சிறுவரைப் பார்க்கச் செய்தார். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்த பிள்ளைகள் அவர்கள். பகைவனின் பிள்ளைகளைப் பிள்ளைகளாகக் காட்டியதே அப்புலவர் செய்த பெருஞ்செயல். போரைப் பற்றி எம்மிடையே எழுதப்படும் ஒவ்வொரு கவிதையையும் நாவலையும் இந்த அளவுகோல் கொண்டே நாம் அளத்தல் வேண்டும். அதிலே எமது பிணங்களுக்கு எத்துணைக் கண்ணீர் உளது என்று பார்ப்பது போதாது. மற்றவர் பிணங்களுக்குப் பெயர் உளதா என்றும் பார்த்தல் வேண்டும்.