ராக்பாக்ஸ்: ஒரு மதிப்பீடு

ராக்பாக்ஸ், கையடக்க இசைக் கருவிகளுக்கான கட்டற்ற திறமூல ஃபர்ம்வேர் (நிலைபொருள்). எம்பி3 பிளேயர் என்று அழைக்கப்படும் கருவிகளில் தயாரிப்பு நிறுவனம் பதித்துத் தந்த மென்பொருளுக்கு மாற்றாக இயங்குவது. 2001 இறுதியில் சுவீடனைச் சேர்ந்த நிரலாளர்களால் தொடங்கப்பட்டது. பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டு, குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகிறது. இதன் 4.0 பதிப்பு 2025-ல் வெளிவந்தது.

தயாரித்தவர் கைவிட்ட கருவியை வாங்கியவரின் கையில் ஒப்படைத்தது ராக்பாக்ஸின் சாதனை. ஆனால் மூலநிரல் திறந்திருப்பது வேறு, அது ஒரு மொழியைப் பேசுவோருக்குப் பயன்படுவது வேறு என்பதற்கும் ராக்பாக்ஸே சான்று. தமிழ்ப் பாடல் தலைப்புகளை அது ஒழுங்காகக் காட்டுவதில்லை. ராக்பாக்ஸின் மதிப்பை இவ்விரண்டையும் சேர்த்தே கணிக்க வேண்டும்.

தோற்றம்

பிரான்ஸ் நாட்டின் ஆர்க்கோஸ் நிறுவனம் வெளியிட்ட ஜூக்பாக்ஸ் என்னும் வன்தட்டு பிளேயரே ராக்பாக்ஸின் தொடக்கம். ஆயிரக்கணக்கான பாடல்களைச் சேமிக்கக்கூடிய அக்கருவியின் மென்பொருள் பல கட்டுப்பாடுகளைக் கொண்டிருந்தது. அதில் நிறைவுறாத பியோர்ன் ஸ்டென்பெரி, லினஸ் நீல்சன் ஃபெல்ட்சிங், டேனியல் ஸ்டென்பெரி ஆகியோர் தாமே மாற்று மென்பொருள் எழுத முற்பட்டனர். இவர்களுள் டேனியல் ஸ்டென்பெரி, இணையத் தரவுப் பரிமாற்றத்துக்கான கர்ல் என்னும் திறமூல மென்பொருளை உருவாக்கியவர்.

ஆர்க்கோஸ் கருவியில் எம்பி3 ஒலியைப் பிரித்தெடுக்கத் தனிச் சில்லு இருந்தது. 2004-ல் ஐரிவர் எச்100 வரிசைக் கருவிகளுக்கு ராக்பாக்ஸை மாற்றும் பணி தொடங்கியபோது அந்த வசதி இல்லை. ஒலியைப் பிரித்தெடுக்கும் வேலையை மென்பொருளே செய்ய வேண்டியிருந்தது. இது கூடுதல் உழைப்பாக இருந்தாலும், பின்னர் ஃபிளாக், ஆக் வோர்பிஸ் எனப் பல ஒலிவடிவங்களை ராக்பாக்ஸ் ஏற்றுக்கொள்ள வழிவகுத்தது. அதன் பிறகு ஐபாட், சான்டிஸ்க் நிறுவனத்தின் சான்சா முதலிய கருவிகளிலும் ராக்பாக்ஸ் இயங்கத் தொடங்கியது.

செயல்படும் முறை

ஒரு இசைக் கருவியில் செயலி, நினைவகம், சேமிப்பகம், திரை, பொத்தான்கள், எண்ணிம ஒலியை மின் அலையாக மாற்றும் சில்லு ஆகியவை உள்ளன. இவற்றை இயக்கும் விவரங்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. கருவியைப் பிரித்துச் சில்லுகளின் மீதுள்ள எண்களைப் படித்தும், பழைய ஃபர்ம்வேரைப் பகுத்து ஆராய்ந்தும், சோதித்தும் அவ்விவரங்களை ராக்பாக்ஸ் நிரலாளர்கள் கண்டறிந்தனர். 2006-ல் வந்த இரண்டாம் தலைமுறை ஐபாட் நானோவில் தொடங்கி ஆப்பிள் தன் ஃபர்ம்வேரைக் குறியாக்கம் செய்து பூட்டியது. அதன் பின் வந்த ஐபாட்களில் பூட்டைத் திறப்பதே முதல் வேலையாயிற்று.

ராக்பாக்ஸின் நிரல் இரு அடுக்குகளால் ஆனது. கீழடுக்கு ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக எழுதப்படுவது. பட்டிகள், பாடல் பட்டியல், ஒலி அமைப்புகள் ஆகியவற்றைக் கொண்ட மேலடுக்கு எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானது. ஒரு கருவிக்காக எழுதப்பட்ட வசதி பிற கருவிகளுக்கும் எளிதில் சென்று சேர்வது இதனால்தான். மேலடுக்கைக் கணினித் திரையிலேயே இயக்கிப் பார்க்கும் பாவிப்பு நிரலும் உண்டு. பல கருவிகளில் பழைய ஃபர்ம்வேர் அழிக்கப்படுவதில்லை. இயக்கும்போது குறிப்பிட்ட பொத்தானை அழுத்திப் பழையதற்கே திரும்பலாம்.

இசைக் கேட்பில் இதன் இடம்

தமிழ்நாட்டு இசை கேட்போருக்கும் கற்போருக்கும் ராக்பாக்ஸ் எவ்வளவு பொருத்தமானது என்பதை மூன்று வசதிகள் காட்டுகின்றன.

முதலாவது, இடைவெளியற்ற இசைப்பு. எம்பி3 வடிவம் ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாகப் பிரிக்கிறது. குறுவட்டுத் தரத்தில் ஒரு சட்டம் ஏறத்தாழ 26 மில்லிவிநாடி. கோப்பின் தொடக்கத்தில் குறிமாற்றி சிறு மௌனத்தைச் சேர்க்கிறது. கடைசிச் சட்டம் நிரம்பாவிட்டால் அதையும் மௌனத்தால் நிரப்புகிறது. லேம் போன்ற குறிமாற்றிகள் இந்த அளவைக் கோப்பிலேயே எழுதிவைக்கின்றன. ராக்பாக்ஸ் அதைப் படித்து மௌனத்தை வெட்டிவிடுகிறது. திரைப்பாடல்களில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ராகம் தானம் பல்லவியை மூன்று தடங்களாகப் பிரித்த கச்சேரிப் பதிவில், தடம் மாறும் இடத்தில் தம்புராவின் நாதம் அறுந்தால் கேட்பவருக்கு உடனே தெரியும்.

இரண்டாவது, சுருதி மாற்றம். பதிவின் வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் அரைச்சுர அளவில் ஏற்றி இறக்கலாம். 4 கட்டையில் பாடப்பட்ட பதிவை 5 கட்டையில் பாடிப் பழகுபவர் இரண்டு அரைச்சுரம் உயர்த்திக்கொண்டு உடன் பாட முடியும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கவும் முடியும்.

மூன்றாவது, ஒரு பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துக்கொண்டு அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கும் வசதி. திருவொற்றியூர், வீணை குப்பையரும் அவர் மகன் திருவொற்றியூர் தியாகையரும் வாழ்ந்த ஊர். தியாகையர் இயற்றிய சஹானா ராக வர்ணத்தைக் கற்கும் மாணவர், கடினமான ஒரு சிட்டைஸ்வரத்தை வேகம் குறைத்துப் பத்து முறை கேட்க வேறு கருவியை நாட வேண்டியதில்லை.

இவை கர்நாடக இசையை மனதில் கொண்டு உருவாக்கப்பட்டவை அல்ல. இசையை உன்னிப்பாகக் கேட்போர் தமக்குத் தேவையானதைத் தாமே எழுதிக்கொண்டதன் விளைவு. தேவை ஒத்துப்போன இடத்தில் பயன் தமிழருக்கும் வந்து சேர்ந்தது.

பேசும் பட்டிகள்

பார்வையற்றோர் பயன்படுத்தும் வகையில் பட்டிகளைக் குரலில் சொல்லும் வசதி ராக்பாக்ஸின் தனிச்சிறப்பு. பட்டிச் சொற்களைக் கணினியில் பேச்சுத்தொகுப்பி கொண்டு ஒலியாக்கி, ஒரே குரல்கோப்பாகக் கருவியில் இட வேண்டும். கோப்புப் பெயர்களை எழுத்தெழுத்தாகவும் சொல்ல வைக்கலாம், முன்பே பதிந்த சிறு ஒலித்துண்டுகளாகவும் சொல்ல வைக்கலாம். எழுத்துகளைச் சொல்லும் வசதி ஆங்கில நெடுங்கணக்கை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே தமிழ்ப் பெயரிட்ட கோப்புகளுக்கு ஒலித்துண்டு முறையே ஏற்றது. ஈஸ்பீக் போன்ற திறமூலப் பேச்சுத்தொகுப்பிகள் தமிழும் பேசக்கூடியவை என்பதால் இது நடைமுறையில் கைகூடக்கூடியதே. எழுத்தைவிடக் குரலின் வழியாகத் தமிழ் இக்கருவிக்குள் எளிதாக நுழைய முடிகிறது என்பது கவனத்துக்குரியது.

தமிழ் எழுத்து: முதன்மையான குறை

ராக்பாக்ஸ் புள்ளிகளால் ஆன எழுத்துருக்களைப் பயன்படுத்துகிறது. ஒருங்குறியில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய வடிவத்தை வரிசையாக வரைந்துகொண்டே செல்கிறது. வரைவதற்கு முன், அரபு எழுத்துகளை இணைக்கவும் எபிரேயம், அரபு ஆகியவற்றை வலமிருந்து இடமாக அடுக்கவும் ஒரு படிநிலை உள்ளது. இந்திய மொழிகளின் உயிர்க்குறிகளை இடம் மாற்றும் படிநிலை இல்லை.

இதன் விளைவை வடசென்னையின் காலடிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயரைக் கொண்டே காணலாம். திருவொற்றியூரை ஒட்டிய இப்பகுதி, 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலட் என்பவரின் பெயரால் நெசவாளர்களுக்காக அமைந்தது. காலட் பேட்டை மக்கள் வழக்கில் காலடிப்பேட்டை ஆயிற்று. இப்பெயரில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் ஏழு. ஒருங்குறியில் அது பதின்மூன்று எண்களாகச் சேமிக்கப்படுகிறது. அவற்றுள் 'பே' என்பதில் முதலில் பகரமும் அதன் பின் ஏகாரக் குறியும் வருகின்றன. 'டை' என்பதில் டகரத்துக்குப் பின் ஐகாரக் குறி வருகிறது. இந்த இரு குறிகளும் கண்ணுக்கு மெய்யின் இடப்பக்கம் தெரிய வேண்டியவை. இடம் மாற்றாமல் வரைந்தால் இரண்டும் பிழையான இடத்தில் விழுகின்றன. 'திருவொற்றியூர்' என எழுதினால் சிக்கல் இன்னும் கூடும். அங்குள்ள ஒகரக் குறி ஒரே எண்ணாக இருந்தும் வகரத்தின் இருபுறமும் பிரிந்து அமர வேண்டியது.

இக்குறையைத் தீர்ப்பது கடினம் என்று சொல்ல முடியாது. இந்திய எழுத்துமுறைகளுள் தமிழே இவ்வகையில் எளியது. தேவநாகரியிலும் மலையாளத்திலும் உள்ளது போன்ற கூட்டெழுத்துகள் தமிழில் மிகச் சில. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் சேர்ந்து 247 எழுத்துகள். ஒவ்வொன்றையும் 32 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம் கொண்ட கருப்பு வெள்ளை வடிவமாக வைத்தாலும் ஒரு எழுத்துக்கு 64 பைட்டு, மொத்தம் 15,808 பைட்டு. கிரந்த எழுத்துகளைச் சேர்த்தாலும் இது சில ஆயிரம் பைட்டு மட்டுமே கூடும். ராக்பாக்ஸ் முதலில் இயங்கிய ஆர்க்கோஸ் கருவியிலேயே 2 மெகாபைட் நினைவகம் இருந்தது.

எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் முறையும் தமிழுக்குப் புதிதன்று. தமிழ்நாடு அரசு 2010-ல் ஒருங்குறியுடன் சேர்த்து ஏற்ற டேஸ்-16 குறியேற்றம் அத்தகையது. ஒருங்குறியில் வரும் தமிழ்ச் சொல்லை அவ்வகை எழுத்து வரிசையாக மாற்றும் ஒரு சிறு அட்டவணையை, அரபுக்கான படிநிலை உள்ள இடத்திலேயே சேர்த்தால் போதுமானது. கணினிப் பாவிப்பு நிரலில் சோதிக்க முடியும் என்பதால் கருவி கையில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு கல்லூரி மாணவரின் இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்குள் அடங்கும் பணி இது.

இதே மென்பொருளில் டூம் விளையாட்டும் கேம்பாய் பாவிப்பு நிரலும் உள்ளன. அதை நிரலாளர்களின் அலட்சியம் என்று கொள்ள வேண்டியதில்லை. தொண்டர் உழைப்பில் வளரும் மென்பொருளில் விரும்பியவர் விரும்பியதைச் செய்கிறார். டூம் வேண்டியவர் அதைக் கொண்டுவந்தார். தமிழ் வேண்டியவர்களோ கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் மாற்றி எழுதிச் சமாளிப்பதே வழக்கமாக உள்ளது. அந்தச் சமாளிப்புக்கும் விலை உண்டு. ழகரமும் ளகரமும், னகரமும் ணகரமும் ஒன்றாகிவிடுகின்றன. பாடல் பட்டியல் அகர வரிசையில் அல்லாமல் ஆங்கில வரிசையில் அடுக்கப்படுகிறது.

ஆதரவு பெறாத கருவிகள்

ராக்பாக்ஸ் இயங்கிய கருவிகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தைகளில் பெயர்பெற்றவை. சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய பர்மா பஜார் போன்ற இந்தியச் சந்தைகளில் அதே காலத்தில் எளியோர் வாங்கியவை பெரும்பாலும் பெயரற்ற மலிவு பிளேயர்கள். அவ்வகைக் கருவிகள் பலவற்றில் சீனாவின் ஆக்ஷன்ஸ் நிறுவனச் சில்லுகள் இருந்தன. எஸ்1 என அறியப்பட்ட அவ்வரிசையின் செயலி பழைய இசட்80 வகையைச் சேர்ந்தது. ராக்பாக்ஸைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் கருவிகளின் உட்பாகங்களும் மாறிக்கொண்டே இருந்தன. ஆகவே இந்த விடுபடலுக்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஆயினும் கருவியைத் தன்வயப்படுத்தும் உரிமை, விலை உயர்ந்த கருவி வைத்திருந்தோரையே முதலில் சென்றடைந்தது என்பது உண்மை.

பயன்பாட்டிலும் சில குறைகள் உள்ளன. அமைப்புப் பட்டிகள் ஆழமானவை, புதியவரைத் திகைக்க வைப்பவை. 3.13 பதிப்பு 2013-லும் 3.14 பதிப்பு 2017-லும் 3.15 பதிப்பு 2019-லும் வந்தன. அடுத்த பதிப்புக்கு 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைக்காலத்தில் அன்றாட மேம்பாட்டுப் பதிப்புகள் கிடைத்தாலும் அவற்றை நாடுவோர் அனுபவசாலிகளே. 3.15-க்குப் பின், திட்டத்துக்கே காரணமான ஆர்க்கோஸ் ஜூக்பாக்ஸ் கருவிகளுக்கான ஆதரவும் நீக்கப்பட்டது.

மதிப்பீடு

ஆப்பிள் 2014-ல் ஐபாட் கிளாசிக்கையும் 2022-ல் எஞ்சியிருந்த ஐபாட் டச்சையும் நிறுத்தியது. தயாரித்த நிறுவனம் விலகிய பின்னும் பழைய ஐபாட்களில் புது மின்கலமும் வன்தட்டுக்குப் பதிலாக நினைவக அட்டையும் பொருத்தி, ராக்பாக்ஸ் நிறுவிப் பயன்படுத்துவோர் உள்ளனர். மின்னணுக் கழிவாக வேண்டிய கருவிக்கு இரண்டாம் வாழ்நாள் கிடைக்கிறது. இதை எந்த நிறுவனமும் தரவில்லை. சம்பளம் பெறாத நிரலாளர்கள் பல ஆண்டுகள் உழைத்துத் தந்தது.

ராக்பாக்ஸ் எல்லோருக்கும் வழங்கியது அனுமதியை. அந்த அனுமதியைப் பயன்படுத்தியவர்களின் மொழிகளும் தேவைகளும் அதற்குள் இடம்பெற்றன. பயன்படுத்தாதவர்களின் எழுத்து சிதைந்தே தெரிகிறது. பூட்டப்பட்ட மென்பொருளில் இக்குறையை நிறுவனத்திடம் முறையிடலாம், அவ்வளவே. இங்கோ திருத்தும் உரிமை தமிழ் நிரலாளர்களிடமே உள்ளது. தமிழில் திறமூல மென்பொருள் குறித்துப் பேசும்போது விலையின்மையே பெரிதும் எடுத்துச் சொல்லப்படுகிறது. விலை கொடுக்காமல் பெறுவது அதன் ஒரு பாதி. உள்ளே சென்று தன் எழுத்தைத் தானே சரிசெய்வது மறுபாதி. ராக்பாக்ஸைப் பொறுத்தவரை தமிழ் இன்னும் முதல் பாதியிலேயே நிற்கிறது.