வண்ணக்கரும் புள்ளிப் பலகையும்

சங்கப் புலவருட் சிலர் பெயர்கள் 'வண்ணக்கன்' என்னும் அடையொடு வழங்குகின்றன. நாணயத்தின் தரத்தை நோக்கி உரைப்பவனுக்கு அது தொழிற்பெயர். பிறவிடங்களிற் பெரிதும் அருகிவிட்ட அச்சொல் மட்டக்களப்பு நாட்டில் இன்றும் உயிரோடிருக்கின்றது. இங்குள்ள கோயில்களிற் குடிவழியாகத் தெரியப்பட்டு, கோயிற் பொருளையும் நிருவாகத்தையும் மேற்பார்ப்பவர் வண்ணக்கர் எனப்படுவர். பொதுப்பொருளை ஆள்பவன் அதன் நன்மை தீமையைச் சோதித்துக் காட்டுபவனாகவும் இருத்தல் வேண்டும் என்னும் கருத்து அப்பெயரிலேயே பொதிந்துள்ளது. பல்கலைக்கழக ஆட்சியையும் கல்லூரி விளையாட்டையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தல் பயனுடைத்து.

தமிழர்க்கு இக்கருத்துப் புதியதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏறத்தாழ 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியன. ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தெரியும் விதிகளை அவை கூறுகின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பதவிக்கு உரியரல்லர் என்பது அவற்றுள் ஒன்று. அச்சபை அந்தணர்க்கே உரியதாயிருந்தது. நிலமில்லாதார்க்கு அங்கு இடமில்லை. இக்குறையை மறைத்து அதனைப் புகழ்தல் நேர்மையாகாது. எனினும் இரண்டு செய்திகள் அங்குக் கற்கத்தக்கன. கணக்கு, அடுத்த பதவிக்கு முன்நிபந்தனையாக வைக்கப்பட்டது. விதி, ஊரார் காணும் சுவரிற் பொறிக்கப்பட்டது.

இனி, நம் நாட்டுப் பல்கலைக்கழக அமைப்பை நோக்குவோம். 1981 ஆகஸ்ட் 1ஆம் நாள் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 1986 ஒக்ரோபர் 1ஆம் நாள் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் ஆட்சி 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்திற்கு அமைந்தது. பேரவையில், உள்ளிருப்போரினும் ஒருவர் மிகுதியாக வெளியுறுப்பினரை மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கின்றது. உள்ளார் தம்மைத் தாமே ஆளாது பொதுமக்கள் சார்பிலும் சிலர் வினவவேண்டும் என்பதே இதன் கருத்தாதல் கூடும். ஆயின், அவ்வெளியார் எவ்வளவுகோலாற் தெரியப்பட்டனர் என்பதை ஊரார் அறிவது அரிது. வினவ வந்தவர் யாருக்கு விடை கூறுவார் என்னும் கேள்வி எஞ்சிநிற்கின்றது.

கணக்கின் செலவும் இத்தகையதே. கணக்காய்வாளர் நாயகம் ஆராய்கின்றார். ஆண்டறிக்கை பாராளுமன்றத்திற்குச் செல்கின்றது. வேண்டுமிடத்துக் கோப் குழு நிருவாகிகளை அழைத்து வினவுகின்றது. இவை வேண்டற்பாலன என்பதில் ஐயமில்லை. ஆயின், இவ்வழியெல்லாம் வந்தாறுமூலையிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்வதேயன்றி, மீண்டு வந்தாறுமூலையை அடைவதரிது. விடுதியில் நீர் வாராமையால் வருந்திய மாணவன், அதுபற்றிய கணக்காய்வுக் குறிப்பு அச்சேறுமுன் பட்டம் பெற்று வெளியேறிவிடுவான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களையும் தன்னுள் அடக்கியமை இக்குறைக்கு ஓரளவு மருந்து. எனினும் கேட்பவர்க்கே கொடுப்பது வேறு, கேளாமுன் காட்டுவது வேறு.

ஈண்டு மறத்தலாகாத ஒன்றுண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த பேராசிரியர் சி. இரவீந்திரநாத் 2006 டிசம்பர் 15ஆம் நாள் கொழும்பில் ஓர் அறிவியல் மாநாட்டிற்குச் சென்ற வேளை காணாமற்போனார். விடை கூறவேண்டிய இருக்கையில் அமர்ந்தவரே காணாமற்போகும் நாட்டில், அஞ்சாது விடை கூறு என்று பிறரை வற்புறுத்துவது எளிதன்று. பொறுப்புக் கூறலுக்கு முதற்றேவை பொறுப்பேற்றவரின் பாதுகாப்பு. அச்சம் ஆளுமிடத்துக் கணக்கேடும் ஊமையாகும்.

விளையாட்டுக்கு வருவோம். மட்டக்களப்பு விளையாட்டில் நாட்டமுடைய ஊர். புனித மைக்கேல் கல்லூரியிற் கூடைப்பந்தாட்டம் வளர்த்த அமெரிக்க இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரை நகரின் விளையாட்டரங்கு தாங்கி நிற்கின்றது. ஆடுகளம் இயல்பாகவே வெளிப்படையானது. எல்லை கோடிட்டுக் காட்டப்படுகின்றது. நடுவர் இரு கட்சிக்கும் புறம்பானவர். புள்ளிப் பலகை அனைவர்க்கும் தெரிய நிற்கின்றது. கூட்டத்தின் கடைசி வரிசையிலிருக்கும் சிறுவனும் பிழையைக் கண்டு கூவலாம். இதனினும் சிறந்த கணக்கொப்புவிப்பு வேறில்லை.

ஆனால் அக்களத்திற்குப் பின்னால் நடப்பது பலவிடங்களில் இருளில் நடக்கின்றது. குழுவில் ஒருவன் சேர்க்கப்பட்டதற்கும் மற்றொருவன் விலக்கப்பட்டதற்கும் காரணம் சொல்லப்படுவதில்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பெற்றோரும் பழைய மாணவரும் ஈந்த பணம் எவ்வளவு, எவ்வழிச் சென்றது என்பது சிலர்க்கே தெரியும். ஓடுகளத்தில் அரை வினாடிக்கு வழக்காடும் ஊர், பணப்பெட்டியைப் பற்றி வாய்திறவாதிருப்பது வியப்பே.

இவ்விருள் நீடிப்பின் விளைவு யாதென்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகம் சான்று. அங்கு ஒரு துறையில், ஆசிரியர் கற்பியாத, ஒரேயொரு கட்டுரையால் உயர்புள்ளி கிடைத்த பெயரளவு வகுப்புகள் பதினெட்டு ஆண்டுகள் நடைபெற்றன. 3,100க்கு மேற்பட்ட மாணவர் அவற்றிற் சேர்ந்தனர். அவருள் ஏறத்தாழப் பாதியினர் விளையாட்டு வீரர். 2014ஆம் ஆண்டு வெளியான விசாரணை அறிக்கை இதனை விளக்கிற்று. வகுப்புகள் ஏனை மாணவர்க்கும் திறந்திருந்தமையால், தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2017இல் தண்டனை விதிக்க இயலாதாயிற்று. வென்ற ஆட்டங்கள் புள்ளிப் பலகையில் ஒளிர்ந்தன. கல்வியிழந்த மாணவன் இழப்பு எப்பலகையிலும் ஏறவில்லை.

இவ்வளவு கேட்கின், மாலைப் பொழுதைப் பிள்ளைகளுக்காகக் கைம்மாறு கருதாது ஈயும் ஆசிரியர் மனம் நோவார், தொண்டு குன்றும் என்பர் சிலர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் வண்ணக்கன் உரைத்துப் பார்ப்பதால் நற்காசு இழிவுறுவதில்லை. நற்காசு என்பது அப்போதே நிலைபெறுகின்றது. வாவிக்கரை ஊர்களிற் பழி பரவ ஒரு பொழுது போதும். காட்டிய கணக்கே அத்தொண்டர்க்குக் கவசமாகும்.

வேண்டுவனவும் அரியனவல்ல. கல்லூரிகள், போட்டி முடிந்த திங்களுக்குள் வரவு செலவை ஒரே தாளில் அறிவித்தற் பலகையில் இடலாம். குழுத்தெரிவின் அளவுகோலைப் பயிற்சி தொடங்குமுன் எழுதி ஒட்டலாம். பல்கலைக்கழகம், பேரவையின் முடிவுகளையும் கணக்காய்வுக் குறிப்புகளையும் அவற்றுக்குத் தான் கூறிய விடைகளையும் தமிழில், அவ்வாண்டிலேயே, மாணவர் காணுமிடத்து வைக்கலாம். முந்திய பொறுப்பின் கணக்கை முடியாதவர்க்கு அடுத்த பொறுப்பு இல்லை என்னும் உத்தரமேரூர் விதியை இருவரும் ஏற்கலாம்.

பல்கலைக்கழகம் ஆடுகளத்திடம் புள்ளிப் பலகையைக் கற்கவேண்டும். ஆடுகளம் பல்கலைக்கழகத்திடம் கணக்காய்வைக் கற்கவேண்டும். வண்ணக்கர் என்னும் சொல்லைக் காத்த நாடு, அதன் பொருளையும் காத்தல் கடன்.