முடி முளைக்கும் முன்பே

முயல் பிரியர்கள் வளர்ந்த முயலின் ரோமத்தைத் தடவிப் பார்த்துப் பூரிப்பார்கள். எனக்கென்னவோ பிறந்த அன்றைய மொட்டைக் குட்டியைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். டச்சு முயல் குட்டி போட்ட பெட்டியைத் திறந்தால், ஒரு முடிகூட இல்லாத தோலிலேயே கறுப்புக்கும் வெள்ளைக்கும் எல்லை பிரிந்திருக்கும். இடுப்பைச் சுற்றிவரும் அந்தக் கோடு நேராக இருக்கிறதா, கோணிப்போயிற்றா என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

சோவியத் சின்சில்லா அப்படியல்ல. கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கும் இனம் இது. தள்ளி நின்று பார்த்தால் வெறும் சாம்பல். விலாப்பக்கம் மெல்ல ஊதிப் பாருங்கள்: அடியில் கருஞ்சாம்பல், நடுவில் முத்து வெளுப்பு, நுனியில் கறுப்பு என்று வளையம் வளையமாக விரியும். ஒரே முடிக்குள் இத்தனை நிறம்! வளையங்கள் ஒன்றோடொன்று கலங்காமல் நிற்க வேண்டும். அதுதான் உயர்ந்த ரகம்.

கலிபோர்னியனுக்கு உடம்பு வெள்ளை. மூக்கு, காது, கால், வால் மட்டும் கறுப்பு. கறுப்பை உண்டாக்கும் நொதி உடம்புச் சூட்டில் வேலை செய்யாது, குளிர்ந்த ஓரங்களில்தான் செய்யும். அதனால் பெட்டியில் குளிரில் கிடந்த குட்டிக்கு முதல் ரோமத்திலேயே சாம்பல் பூச்சு ஏறிவிடும். வளர்ப்பவரின் அசட்டையை முதுகிலேயே எழுதிக் காட்டும் முயல் இது. பிறகு ரோமம் உதிர்ந்து மாறும்போது வெளுத்துவிடும் என்பது வேறு விஷயம்.

குளிர்தான் சவலைக் குட்டிக்கும் எமன். தாய்முயல் பெரும்பாலும் நாளுக்கு ஒரே தடவை, அதுவும் சில நிமிஷம்தான் பால் கொடுக்கும். குடித்த குட்டியின் வயிறு உருண்டு, உள்ளிருக்கும் பால் தோல் வழியே வெள்ளையாகத் தெரியும். குடிக்காததற்குத் தோல் சுருங்கித் தொங்கும். அதைப் பார்த்ததும் பால் புகட்ட ஓடக் கூடாது. குளிர்ந்த வயிறு பாலைத் தாங்காது. முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்ற வேண்டும். உடம்பு இளகித் துள்ளத் தொடங்கிய பிறகு, கொழுத்த குட்டிகளை ஒதுக்கிவிட்டு, தாயை மடியில் மல்லாத்திப் பிடித்துச் சவலையைக் காம்பருகே விடலாம். கைதேர்ந்தவர்கள் குட்டியின் வாயைக் காம்பில் திணிப்பதில்லை. மூக்கை மட்டும் காட்டுவார்கள், அதுவே தேடிப் பிடித்துக்கொள்ளும்.

தாய்க்குப் பால் வற்றினால், ஓரிரு நாள் வித்தியாசத்தில் ஈன்ற வேறு தாயிடம் சேர்க்கலாம். டச்சுக் குட்டியை வெள்ளை முயலின் பெட்டியில் விட்டால் இன்னும் வசதி. எது யாருடைய குட்டி என்று அந்த மொட்டைத் தோலே சொல்லிவிடும், மையால் அடையாளம் போட வேண்டியதில்லை.